வெளிப்பூட்டு

"மாதாகிட்ட என்ன கேக்கப் போற?"

"மாதாகிட்ட ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கேக்க வேண்டியது உங்கிட்டதான்."

"என்கிட்டயா? அதுக்கு எதுக்கு இத்தனை தூரம் நடந்து காலைப் புண்ணாக்கிக்கிட்ட? வீட்டு வாசல்லயே கேட்டிருக்கலாமே!"

"நடந்தா தைரியம் வரும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

டெர்லிஸ் சிரித்தான். ககுபே மாதா கோயிலுக்குப் போகும் சாலை அது. டிசம்பர் வெயிலில், முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய மட்டும் சனங்கள் ஆளுக்கொரு வேண்டுதலோடு நடந்துகொண்டிருந்தார்கள். அவன் என் செருப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். "எப்ப வேணும்னாலும் கேளு நிமியா. மாட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்றான். அந்தச் சொல்லை நம்பித்தான் அவனைக் கட்டிக்கொண்டேன். கேட்கத்தான் இல்லை.

நான் கேட்க நினைத்தது சின்ன விஷயம். என்னை உள்ளே வைத்து ஒருநாளும் கதவைப் பூட்டாதே என்பதுதான் அது.

சின்ன வயதில் என்னைத் தலைநகர் அசுன்சியோனில் ஒரு பெரிய வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சோறும் படிப்பும் அவர்கள் தருவார்கள், வீட்டு வேலையை நான் செய்ய வேண்டும் என்று பேச்சு. எங்கள் பக்கத்து ஏழைப் பெண்பிள்ளைகள் பலருக்கு இதே கதைதான். வீட்டம்மா வெளியே கிளம்பும்போதெல்லாம் என்னை இஸ்திரி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். கத்தினால், திரும்பி வந்ததும் அடி விழும். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகினேன். இதை டெர்லிஸிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பூட்டி வளர்க்கப்பட்டவள் என்று தெரிந்தால் அவன் பார்வை மாறிவிடுமோ என்று பயம்.

இப்போது தினமும் விடியற்காலையில் என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறவனே அவன்தான்.

எர்னாந்தாரியாஸ் ஊருக்கு வெளியே, சோயா வயல்களின் நடுவே, அணைக்கட்டிலிருந்து வரும் பெரிய மின்கம்பிகளுக்கடியில் நிற்கிறது எங்கள் கொட்டகை. தகரச் சுவர், தகரக் கூரை. உள்ளே தரையிலிருந்து கூரை வரை இரும்பு அடுக்குகள். அவற்றில் செருப்புப் பெட்டி அளவில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். திரை கிடையாது, தட்டச்சுப் பலகை கிடையாது. இரவு பகல் கணக்குப் போட்டுப் போட்டு, கையால் தொட முடியாத பிட்காயின் என்ற காசை முதலாளிக்கு உண்டாக்கிக் கொடுக்கும் பெட்டிகள் அவை. அந்தப் பெட்டிகளின் தூசியை எடுப்பது எங்கள் வேலை.

சூரியன் வயலுக்கு மேலே தலைகாட்டுவதற்கு முன்பே உள்ளே போய்விடுவோம். காதில் பஞ்சு, வாயில் ஈரத்துணி, ஒரு கையில் பெயின்ட் பிரஷ், மறு கையில் காற்றடித்துத் தூசி ஊதும் ப்ளோயர். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பக்கம் ஒரு விசிறி, பின்பக்கம் ஒரு விசிறி. முன்விசிறி காற்றை உறிஞ்சும். பின்விசிறி அதைக் கொதிக்கக் கொதிக்கத் துப்பும். இரண்டு வரிசைகளின் முதுகும் எதிரெதிராகப் பார்க்கும் இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. அதற்கு அடுப்புச் சந்து என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அங்கே நின்றால் கண்ணீர்கூட வழிவதற்குள் காய்ந்துவிடும்.

எங்கள் மண் சிவப்பு. வயலில் டிராக்டர் ஓடினால் வானமே சிவந்துவிடும். அந்தத் தூசியைத் தடுக்கச் சுவரில் வடிகட்டித் துணிகள் இருந்தன. அவை எப்போதோ கிழிந்து தொங்கின, யாரும் மாற்றவில்லை. காற்றைக் குளிர்விக்கும் ஈரத் தட்டிகளும் காய்ந்து கட்டியாகிவிட்டன. பெட்டிகள் செம்மண்ணையே மூச்சாக இழுத்தன. உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளின் இடுக்கில் அது கம்பளி போலப் படிந்துகொள்ளும். காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி சூடேறி, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து, கடைசியில் தானாகவே அணைந்துவிடும்.

பெட்டியை நிறுத்தி, வெளியே தூக்கிக்கொண்டு போய் ஊதினால் தூசி காற்றோடு போய்விடும். ஆனால் நிறுத்தக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. நிறுத்தும் நேரத்துக்குக் காசு வராதே. அதனால் ஓடும் பெட்டியிலேயே ஊதினோம். ஒரு பெட்டியிலிருந்து கிளம்பும் தூசியை அடுத்த பெட்டி உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் எங்கள் நெஞ்சுக்குள் போகும்.

"நான் மூக்கைச் சிந்தினா ஒரு வீட்டுக்கு வேண்டிய செங்கல் வரும்" என்பாள் பிளாசிடா. எங்களில் மூத்தவள். சிரித்தாலும் இருமல், இருமினாலும் சிரிப்பு.

நாங்கள் எல்லோரும் உள்ளே வந்ததும் டெர்லிஸ் தகரக் கதவை இழுத்துச் சாத்துவான். வெளியே இரும்புப் பட்டை விழும். பிறகு பூட்டு. அப்போதெல்லாம் அவன் தன் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், என்னைப் பார்க்க மாட்டான். நானோ இஸ்திரி அறையில் போலவே வாயை இறுக மூடிக்கொள்வேன்.

வேண்டாம் என்று அவன் எப்படிச் சொல்வான்? அவனுடைய கொட்டகைக் காவல் வேலையோடு சேர்த்து வந்ததுதான் நாங்கள் குடியிருக்கும் வாசல் வீடு. வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டு முற்றத்தில் நான் வைத்த எலுமிச்சை அப்போதுதான் பூவிட்டிருந்தது.

முதலாளி டான் வால்தெமார் எப்போதாவது வருவார். குளிர்ந்த வண்டியிலிருந்து இறங்கிக் கதவு நிலையோடு நின்றுகொள்வார். உள்ளே கால் வைத்ததில்லை. அன்று எலாடியோ அவரிடம் போனான். மின்வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன்.

"முதலாளி, நாலாவது வரிசையில பிளக்கெல்லாம் பழுப்பாயிடுச்சு. தொட்டா சுடுது. அரை நாள் நிறுத்திக் குடுங்க, சுத்தம் பண்ணிடறோம்."

"அரை நாளா? ஓடினாலும் ஓடாட்டியும் கரண்டுக்கு நான் கட்டியாகணும்பா."

"நீங்க நிறுத்தலேன்னா அதுவே நின்னுடும் முதலாளி."

"நிக்காம பாத்துக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

பிளாசிடா முன்னால் வந்தாள். "வடிகட்டித் துணியாவது மாத்துங்க. பாதி வயல் உள்ள வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா உள்ளயே சோயா விதைக்கலாம்."

"விதைங்க. விளைச்சல்ல பாதி எனக்கு." அவர் மட்டும் சிரித்தார்.

"அப்ப கதவையாவது திறந்து வைக்கச் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணுன்னா..." என்றான் எலாடியோ.

"பக்கத்து ஷெட்டுல பெட்டிங்க களவு போச்சே, எப்படி? கதவு திறந்து கிடந்ததாலதான். நான் உங்களச் சந்தேகப்படல. நீங்கள்லாம் என் குடும்பம் மாதிரி. ஆனா பூட்டு கிடக்கட்டும்."

குடும்பம் என்ற சொல்லைக் கேட்டு டெர்லிஸ் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு பூட்ஸைப் பார்த்தான்.

சோயா அறுவடை தொடங்கிய வாரம் அது நடந்தது. வெளியே எந்நேரமும் செம்புழுதி. நான் அடுப்புச் சந்தில் நின்றிருந்தேன். நாலாவது வரிசையில் ஒரு பிளக் மெழுகு போல உருகி வழிந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தூசிக் கம்பளி சட்டென்று பற்றிக்கொண்டது. எலாடியோ ஓடிப்போய் அந்த வரிசையின் பெரிய சுவிட்சை இழுத்தான். நீலமாக ஒரு வெளிச்சம். அவன் அலறியது எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருந்ததை மட்டும் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருண்டிருந்தது.

தீயை ஈரத்துணிகளால் அடித்து அணைத்துவிட்டோம். புகையை என்ன செய்வது? மற்ற வரிசைகளின் விசிறிகள் அதை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் எங்கள்மேல் துப்பிக்கொண்டே இருந்தன. கதவுக்கு ஓடினோம். கைகளால் அடித்தோம், இரும்புக் கம்பியால் அடித்தோம். அத்தனை விசிறிகளின் இரைச்சலில் எங்கள் அடி எங்களுக்கே கேட்கவில்லை. டெர்லிஸை வெளிவாசலில் லாரிச் சரக்கு இறக்க அனுப்பியிருந்தார் முதலாளி.

எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கு மட்டும் குரல் வரவில்லை. என் புருஷன் பெயர், என் வாயிலிருந்து வரவில்லை. தகரத்தின் இடுக்கில் வாயை வைத்து ஒரு கீற்றுக் காற்றை உறிஞ்சிக்கொண்டு, சத்தமில்லாமல் நின்றேன். இஸ்திரி அறையில் நின்றது போலவே.

கூரை இடுக்கில் புகையைப் பார்த்துவிட்டுத்தான் அவன் ஓடி வந்திருக்கிறான். சாவி பூட்டுக்குள் போகாமல் பூட்டின்மேலேயே தட்டித் தட்டி விலகியதாம். கதவு திறந்ததும் நாங்கள் ஒருவர்மேல் ஒருவராகச் செம்மண்ணில் விழுந்தோம்.

எலாடியோவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினோம். முற்றத்துக் குழாயடியில் டெர்லிஸ் என் முகத்தைக் கழுவிவிட்டான். கரி போன பின்பும் கழுவிக்கொண்டே இருந்தான். அடுக்களையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு ஆறிப்போய்க் கிடந்தது.

"நாலாவது வரிசை மட்டும்தான் நிக்குதாம். நாளைக்கு மத்ததை எல்லாம் ஓட்டணுமாம். பூட்டும் போடணுமாம்" என்றான்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயை மூடினேன்.

"நீ நாளைக்கு வராத, நிமியா. காய்ச்சல்னு சொல்லிடறேன். அதுக்கப்புறமும் வர வேண்டாம். சமாளிச்சுக்கலாம். உன்னை உள்ள வச்சு இனிமே என்னால பூட்ட முடியாது."

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை! நான் கேட்காமலே கொடுக்கிறான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"பிளாசிடாவை?" என்று கேட்டேன்.

அவன் குழாயைத் திறந்தான், மூடினான்.

"மத்தவங்களை?"

"நான் காவல்காரன் நிமியா. வேற என்ன பண்ணச் சொல்ற?"

நான் கேட்க வேண்டியது எனக்கு மட்டுமானதல்ல என்பது அந்தக் குழாயடியில்தான் புரிந்தது.

மறுநாள் விடிந்தபோது டெர்லிஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். யாரும் உள்ளே போகவில்லை. பூட்டுப் போகும்வரை உள்ளே போவதில்லை என்று இரவே எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். கதவுக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தோம். பிளாசிடா எங்கள் ஊர் இலைத் தேநீரான மாத்தேயைச் சூடாகக் கொண்டுவந்திருந்தாள். ஒரே கோப்பை, ஒரே குழல். அது கைமாறிக் கைமாறி எல்லோரையும் சுற்றி வந்தது. நேற்றுவரை ஒருவரோடு ஒருவர் முகங்கொடுத்துப் பேசாதவர்கள்கூட அதே குழலில் வாய் வைத்துக் குடித்தார்கள்.

டான் வால்தெமாரின் வண்டி வந்து நின்றது.

"என்ன இது, கல்யாண விருந்தா?"

"வாங்க முதலாளி, ஒரு வாய் குடிங்க. சூடுதான். ஆனா உங்க ஷெட்டு அளவுக்கு இல்ல" என்று பிளாசிடா கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நீட்டிய கோப்பையை எங்கள் ஊரில் யாரும் அப்படித் தட்டிக்கழிப்பதில்லை. அது எல்லோர் முகத்திலும் சுருக்கென்று தைத்தது.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"பூட்டு போகணும். வரிசை வரிசையா நிறுத்தித்தான் தூசி எடுப்போம். வடிகட்டி மாத்தணும். எலாடியோ கை ஆறுற வரைக்கும் அவன் சம்பளம் நிக்கக் கூடாது" என்றாள் பிளாசிடா.

"இது யாரோட யோசனை?"

"எல்லாரோடதும்தான்."

"எல்லாரும்னா? பேரைச் சொல்லு."

"எழுதிக்கிறீங்களா? முதல்ல பிளாசிடான்னு போடுங்க. இடம் கொஞ்சம் தாராளமா விடுங்க, நான் குண்டு."

சிரிப்பு எழுந்தது. அவர் முகம் சிவந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. கொட்டகைக்குள் யாரும் ஊதவில்லை, யாரும் துடைக்கவில்லை. பெட்டிகள் புழுதியைக் குடித்து, சூடேறி, ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் அவர் கையிலிருந்த போன் முனகியது. உள்ளிருந்து வந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நிமியா, எழுந்திரு. நீ காவல்காரன் பொண்டாட்டி. நீ உள்ள போனா மத்தவங்க பின்னாலயே வருவாங்க. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள வாசல் வீட்டைக் காலி பண்ணு." பிறகு டெர்லிஸைப் பார்த்து, "அவ உள்ள போனதும் பூட்டு" என்றார்.

எழுந்தேன். "அடியே..." என்று பிளாசிடா தொடங்கி, முடிக்காமல் விட்டாள். கதவு நிலை வரைக்கும் நடந்தேன். எலுமிச்சைப் பூவை நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். படியில் ஏறித் திரும்பி நின்றேன். அடுப்புச் சந்தின் அனல் முதுகில் அடித்தது. எதிரே டெர்லிஸ், கையில் திறந்த பூட்டோடு.

பிளாசிடா தரையில் கையூன்றி, முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்து வந்தாள். என் வலத்தோளை ஒட்டி நின்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு எலாடியோவின் தம்பி. ஒவ்வொருவராக வர, கதவு நிலை நிறைந்தது. கதவை இழுத்தால் அது எங்கள் மேல்தான் வந்து மோதும்.

"உள்ள போறியா, வெளிய வர்றியா?" என்று கத்தினார் டான் வால்தெமார்.

பின்னால் இன்னொரு வரிசை அணைந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக, அந்த வாசலில், டெர்லிஸின் கையில் பூட்டும் சாவியும் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

"டெர்லிஸ், ககுபே ரோட்டுல உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொன்னேனே."

அவன் பூட்ஸிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"இப்பக் கேக்கறேன்."

குரல் வந்துவிட்டது. கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி வந்தது.

"கதவைப் பூட்டாத. என்னை உள்ள வச்சும் வேண்டாம், இவங்க யாரை வச்சும் வேண்டாம்."