கடல் ஏறாத மலை

மலைமேல் தேவனூர் நாட்டில் செங்கோடனை ஏமாற்றுவது லேசல்ல என்று பெயர். உப்பு வாங்கினால் நாக்கில் வைத்துப் பார்ப்பான். மண்வெட்டி வாங்கினால் கல்லில் தட்டிப் பார்ப்பான். கையால் தொட்டுப் பார்க்காத எதையும் அவன் மனசு ஒப்புக்கொள்ளாது. அப்பேர்ப்பட்டவனைத்தான் ஒரு கல் கவிழ்த்தது. தொட்டுப் பார்க்கிறவனை ஏமாற்ற, தொடுகிற மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும்.

ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், அவனுடைய சாமைக் கொல்லைக்குக் கீழே ஓடுகிற ஓடை, மகள் பாப்பாத்தியை அடித்துக்கொண்டு போய்விட்டது. நாலு வயசு. புளியஞ்சோலை வரைக்கும் இறங்கி மூன்று நாள் தேடினார்கள். கிடைத்தது பாவாடை மட்டும்தான். அது சிக்கிக் கிடந்த இடத்திலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள் அவன் பெண்சாதி இருசாயி. புதைக்க உடம்பு கிடைக்காதவள் வேறு என்ன செய்வாள்? கல்லைக் கொல்லை மேட்டில் நட்டு, மஞ்சள் பூசி, தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். அந்தக் கல்தான் அவளுக்குப் பிள்ளை.

மறுவருஷம் துறையூர்ப் பக்கத்திலிருந்து உபதேசியார் அப்பாசாமி மலையேறி வந்து, கூரைக் கொட்டகை ஒன்று போட்டு வேதம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் நோவா கதை சொன்னார். நாற்பது நாள் மழை, பேழை, சோடி சோடியாக மிருகங்கள், மலையெல்லாம் முழுகிப்போனது. கேட்டவர்கள் சிரித்தார்கள். மீன் மட்டும் என்ன புண்ணியம் செய்ததாம், அது சாகவில்லையே என்று ஒருத்தன் கேலி பேசினான். செங்கோடன் சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணிய அனுப்புனது ஆருங்க?" என்று கேட்டான்.

"கர்த்தர்."

"காரணமாத்தான் அனுப்புனாருங்களா?"

"காரணமில்லாம அவரு ஒரு சொட்டுக்கூட அனுப்பமாட்டாரு, செங்கோடா."

அந்த ஒரு பேச்சு அவனைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் சும்மா வந்தது, சும்மா போனது, நடுவில் பிள்ளை போய்விட்டாள் என்பதை ஒரு வருஷமாக அவனால் விழுங்க முடியவில்லை. அனுப்பினவர் ஒருவர் இருக்கிறார் என்றால், என்றைக்காவது அவரிடம் போய் ஏன் என்று கேட்கலாமே. ஆனாலும் பழைய புத்தி விடவில்லை.

"நம்ம மலை உசரத்துக்கு அந்தத் தண்ணி ஏறுச்சுங்களா?"

அப்பாசாமி தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் பாரித்த ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். கல்லுக்குள் கல்லாக ஒரு சிப்பி. வரிவரியாக அதன் ஓடு விரலில் தட்டுப்பட்டது.

"கடல் சிப்பி. இந்த மலையிலதான் கெடச்சுது. தண்ணி ஏறாமயா இது மேல வந்துச்சு?"

செங்கோடன் விழுந்தான். நோவா கதையைக்கூட அவன் அவ்வளவாக நம்பவில்லை. சிப்பியை நம்பினான்.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் அப்பாசாமி ஒரு நிபந்தனை போட்டார். கல்லைக் கும்பிடுகிற வீட்டுக்கு ஞானஸ்நானம் கிடையாது. செங்கோடன் கொல்லை மேட்டுக்குப் போய், நட்ட கல்லைப் பிடுங்கி, ஓடைக்குள் உருட்டிவிட்டான். இருசாயி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"அந்தக் கல்லு ஊட்டுக்கு வரட்டுங்க. அப்ப நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு, எடப்புளி நாட்டில் அண்ணன் காத்தான் வீட்டுக்கு நடந்துபோய்விட்டாள்.

எட்டு வருஷம். நாட்டார் அவனை ஒதுக்கி வைத்தார்கள், நல்லது கெட்டதற்குக் கூப்பிடவில்லை. களி கிண்டுவதும் தின்பதும் தனியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போவான், சிப்பிக் கல்லை வாங்கித் தடவிப் பார்ப்பான், அந்த வாரத்துக்கு அது போதும் என்று திரும்பிவிடுவான். இருசாயிக்கும் ஒரு நாள் இது புரியும், அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பதே அவன் எண்ணமாக இருந்தது.

அறுபத்தொன்றில், அலுமினியப் பாத்திரம் செய்கிற மண் இந்த மலையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆபீசர் வந்தார். புளியஞ்சோலையிலிருந்து அவருடைய மூட்டையைச் சுமந்தவன் செங்கோடன். மனுஷர் வழியெல்லாம் சுத்தியலால் கல்லை உடைத்து, உடைத்த பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். செங்கோடனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"சாமி, எங்ககிட்ட இந்த மலையில கெடச்ச கடல் சிப்பி இருக்குதுங்க" என்று பெருமையாகச் சொன்னான். கொட்டகைக்கே அழைத்துப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினான். அப்பாசாமி அன்றைக்கு ஊரில் இல்லை.

ஆபீசர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது அரியலூர்க் கல்லுப்பா. அங்கே வண்டி வண்டியா கிடக்கும். ஒரு காலத்துல அந்தப் பக்கமெல்லாம் கடல். உன் மலை அப்படியில்லை. இது பூமிக்கு அடியில வெந்து மேல வந்த கல். இதுல சிப்பி இருக்கவே இருக்காது."

"நோவா காலத்துல தண்ணி ஏறுச்சுன்னாங்களே?"

"இவ்வளவு உசரத்துக்கா? ஏறினா, அவ்வளவு தண்ணியும் அப்புறம் எங்கே வடிஞ்சு போச்சு?"

விளையாட்டாகக் கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். செங்கோடன் கல்லைப் பெட்டியில் திருப்பி வைக்காமல் மடியில் கட்டிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து அப்பாசாமி வந்ததும் கல்லை அவர் முன்னால் வைத்தான். அவர் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால்கூடத் தேவலை.

"எங்க மச்சான் அரியலூர்ல இருந்து கொண்டாந்தது. சிப்பி எந்த ஊர்ல இருந்தா என்ன? பட்டணத்துல படிச்ச பாதிரி ஐயருங்க இப்ப வேற மாதிரி சொல்றாங்க, செங்கோடா. வேதத்துல பூமின்னு இருக்கறது அந்தத் தேசத்துப் பூமியாம். அந்த ஊரு வரைக்குந்தான் வெள்ளம். அப்படிப் பாத்தா வேதமும் பொய்யில்ல, விஞ்ஞானமும் பொய்யில்ல. ரெண்டும் ஒத்துப்போகுது."

"எனக்கு மட்டும் ஏனுங்க அந்தத் தண்ணிய மலை மேல ஏத்துனீங்க?"

"உனக்குப் புடிச்சிக்க ஒண்ணு வேண்டியிருந்துச்சு. குடுத்தேன். உன் நல்லதுக்குத்தான்."

உலகத்தையே மூழ்கடித்த வெள்ளத்தை, ஈரப் பாயைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி, அப்பாசாமி எங்கேயோ ஒரு தேசத்துக்குள் வைத்துவிட்டார். ஓடைக்குள் போன கல் மட்டும் போனது போனதுதான். செங்கோடன் சிப்பியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

சித்திரை மாசம். ஓடையில் தண்ணீர் வற்றி, கல்லாகக் கிடந்தது. எல்லாம் கறுப்பு, எல்லாம் உருண்டை. காலையிலிருந்து உச்சி சாயும்வரை ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்தான், தடவிப் பார்த்தான். நாற்பது வருஷமாகப் பொய் சொல்லாத கை, அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. கடைசியில் அந்த அளவுக்கு இருந்த ஒரு கல்லைத் துண்டில் கட்டிக்கொண்டு எடப்புளி நாட்டுக்கு நடந்தான். 'அதே ஓடைக் கல்லுதான், ஆனா எதுன்னு தெரியல' என்று உள்ளதைச் சொல்லிவிடுவதாகத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான்.

இருசாயி பாறையில் மரவள்ளிச் சீவல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. துண்டை அவிழ்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டாள்.

"அதுதானுங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் சிப்பியைக் கையில் வாங்கியபோது அவன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அதேதான்."

அவள் கல்லைத் திருப்பித் திருப்பித் தடவினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "இந்தக் குழிதானுங்க. நான் மஞ்சள் வெக்கிற குழி" என்றாள். பழைய கல்லில் குழி இருந்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை.

அன்றைக்கே கல்லை மடியில் கட்டிக்கொண்டு அவனோடு புறப்பட்டாள். மறுநாள் காலையில் கொல்லை மேட்டில் பழைய இடத்திலேயே நட்டாள். தண்ணீர் ஊற்றினாள். "வந்துட்டியா கண்ணு" என்று சொல்லி, எட்டு வருஷத்து அழுகையையும் உட்கார்ந்து அழுதாள். அப்பாசாமியைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் செங்கோடனுக்கு வீணாய்ப் போயிற்று. இனி எந்த வாயால் திட்டுவது?

"ஏனுங்க, எட்டவே நிக்கறீங்க? வந்து தொட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டாள் இருசாயி.

வேலி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் ஓடைப் பக்கமாக இறங்கிப் போனான். அப்புறம் எத்தனையோ வருஷம் இருந்தான். அந்தக் கல்லை மட்டும் அவன் தொடவேயில்லை.