முசாங் தின்ற முட்டைகள்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்ததும் லயத்து வரிசை வீடுகளின் ஜனமெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடும். அதற்கப்புறம் செல்லையாவுக்குத் துணை, கட்டிலும் ஜன்னலில் தெரியும் தேயிலைச் சரிவும் அக்காள் காளியம்மாவும்தான்.

தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போன இடத்தில் ஈரச் சரிவில் சறுக்கி விழுந்து அவன் முதுகெலும்பு நொறுங்கியது எழுபத்தெட்டாம் வருஷம். இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. ஐந்து மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளிலேயே முதுகுக்கு அடியில் படுக்கைப் புண் வந்தது. வலி தெரியாத உடம்பு. மனைவி வேலாயி பார்த்துச் சொன்னபோது அது ஐம்பது காசு நாணயத்தின் அகலம் இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்த அக்காள் காளியம்மா அன்றைக்கே பத்தியத்தை அறிவித்துவிட்டாள்.

"முட்ட, மீனு, எறச்சி கண்ணுலயே காட்டக்கூடாது. சீழ் வச்சிரும். கீர குளிர்ச்சி, பருப்பு வாயு. தண்ணியயும் கொறச்சிக்கிடணும், இல்லாட்டி புண்ணு ஊறிப் போவும். வெறுங் கஞ்சியும் வறுத்த உப்பும். அவ்ளதான்."

பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த இனிப்புப் பால் டின்னுக்கும் பிஸ்கட்டுக்கும் மட்டும் அவள் தடை போடவில்லை. பத்தியத்துக்கும் இனிப்பென்றால் கொஞ்சம் இளக்கம் போலும்.

தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். பகலெல்லாம் அவனைப் பக்கம் மாற்றிப் புரட்டிப் போடுவதும் துணி அலசுவதும் அவள்தான். அவள் கோபித்துக்கொண்டு ஒரு நாள் வராவிட்டால் வேலாயி கொழுந்து பறிக்கப் போக முடியாது. ஆகவே அவள் சொன்னது வேதவாக்கு. தண்ணீர் விஷயத்தில் செல்லையாவுக்கே அந்தப் பத்தியம் பிடித்திருந்தது. குடித்தால் நனையும், நனைந்தால் அக்காள் துவைக்க வேண்டும். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளைக்குத் தாகத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

அவன் இளைத்தான், புண் பெருத்தது. கட்டுப் போட வந்த தோட்டத்து டிரெசர் லெட்சுமணன் ஒருநாள் வேலாயியை வெளியே கூப்பிட்டார்.

"வெரலு உள்ள போவுது வேலாயி. எலும்பத் தொட்டுருச்சின்னா ஆளு தேறாது. மருந்து மட்டும் பத்தாதுலா, புண்ணு மூட ஒடம்புல சத்து வேணும். முட்ட, மீனு, பருப்பு, கீர குடு. தண்ணி நெறையக் குடு. பால் டின் வேணாம், ஒடம்பு ஊதிப்போச்சின்னா ஒன்னால தூக்க முடியாது."

"இத எங்க அண்ணிகிட்ட நீங்களே சொல்லிருங்களேன்."

"எனக்கு இன்னும் நாலு லயம் பாக்கணும்லா," என்று டிரெசர் மோட்டார் சைக்கிளை முடுக்கினார்.

கடையில் முட்டை வாங்கினால், முட்டை வீடு வந்து சேரும் முன்னே செய்தி காளியம்மாவிடம் சேர்ந்துவிடும். வேலாயி யோசித்தாள். அந்த வாரத்திலிருந்து காளியம்மாவின் கோழிக்கூட்டில் முட்டை குறைய ஆரம்பித்தது.

"முசாங் வருதுடி," என்றாள் காளியம்மா. மரநாயைத்தான் அந்தத் தோட்டங்களில் மலாய்ப் பேரால் முசாங் என்பார்கள். அவள் பொறி வைத்தாள். மாட்டிக்கொண்டது அவள் வளர்த்த பூனை.

முதல் வாய்க் கஞ்சியிலேயே செல்லையாவுக்கு விளங்கிவிட்டது.

"என்னா, கஞ்சி மஞ்சளா இருக்கு?"

"வெளக்கு வெளிச்சம். பேசாம குடிங்க."

அவன் பேசாமல் குடித்தான். அந்திச் சோற்றுக்கு அடியில் பருப்பும், கியா பார்ம் காய்கறித் தோட்டப் பக்கம் வாங்கிய கீரையும், இடித்த நெத்திலியும் ஒளிந்திருந்தன. கட்டிலுக்கு அடியில் எந்நேரமும் ஒரு போத்தல் தண்ணீர். "நனைஞ்சா நனையட்டும், தொவைக்க எனக்குக் கை இல்லையா?" என்றாள் வேலாயி. அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்தது.

நாலு மாதத்தில் புண் மூடியது. காளியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம் பத்தியந்தான்," என்று லயம் லயமாகச் சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறக்கவில்லை. புண் ஆறியது, அக்காளும் வருகிறாள், வீண் வம்பு எதற்கு?

காளியம்மாவின் பத்தியப் புகழ் காய்கறித் தோட்ட ஊரான திரிங்காப் வரைக்கும் போனது. ஒரு சாயங்காலம் அங்கிருந்து ஜெயா என்ற பெண் வந்தாள். அவள் புருஷன் மாடசாமி காய்கறி லோரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, செல்லையாவைப் போலவே படுத்துவிட்டானாம். அவனுக்கும் புண்.

காளியம்மா விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். முட்டை ஆகாது, மீன் ஆகாது, கீரை ஆகாது. லோரி லோரியாகக் கீரை ஏற்றின மனுஷன் இனி அதைத் தொடக்கூடாது. ஜெயா பயபக்தியோடு தலையாட்டினாள். புண் ஆறியபின் கிடைத்த சக்கர நாற்காலியில் இருந்து செல்லையா கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னால் அக்காள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மாடசாமி போய்விடுவான்.

"ஜெயா, அதக் கேக்காத."

காளியம்மா திரும்பினாள். "என்னாடா?"

"நான் பத்தியம் இருக்கலக்கா. நாலு மாசமாத் தெனம் முட்ட சாப்ட்டேன். மீனு, பருப்பு, கீர எல்லாந்தான். நீ பொரட்டிப் போட்ட, டிரெசர் கட்டுப் போட்டாரு, சத்து உள்ள போச்சு. அதான் ஆறுச்சு. பத்தியத்தால இல்ல."

"ஏதுடா முட்ட?"

மலையிலிருந்து அப்போதுதான் வந்த வேலாயி, கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள்.

"அந்த முசாங் நாந்தான் அண்ணி."

காளியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயா யாரை நம்புவதென்று தெரியாமல் விழித்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுநாள் அக்காள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வேலாயி வேலைக்குப் போகாமல் அவனைப் புரட்டிப் போட்டாள், கங்காணி வந்து முறைத்துவிட்டுப் போனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று செல்லையா நினைத்தான். மாடசாமியின் புண் ஞாபகத்துக்கு வந்ததும் அந்த நினைப்பை விட்டான்.

மூன்றாம் நாள் காலையில் காளியம்மா ஒரு கூடை முட்டையோடு வந்து நின்றாள்.

"டிரெசரப் புடிச்சிக் கேட்டேன். 'ஒங்களுக்குப் பயந்துட்டேன்க்கா'ங்கிறான். எந்தம்பி புண்ணு பெருசாவுறதப் பாத்துக்கிட்டு, மூணு பேரு எனக்குப் பயந்து நின்னீங்களா? நான் என்னா புலியா?"



அவள் இரண்டு முட்டையை எடுத்து வேலாயியின் கையில் வைத்தாள். "இனிமே முசாங்க வாசல் வழியா வரச் சொல்லு." மிச்சத்தோடு படியிறங்கினாள்.

"எங்கக்கா போற?"

"திரிங்காப்புக்கு. நாஞ் சொன்னதக் கேட்டு அந்தப் பொண்ணு அவனக் காயப் போட்டுருக்கும். நானே போய்ச் சொன்னாத்தான் நம்பும்."

நாலு எட்டு போனவள் நின்றாள். திரும்பி வந்து கூடையை வைத்துவிட்டு, தம்பியின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து அவனை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்தாள்.

"பாசத்துல போட்டாலும் பட்டினி பட்டினிதான்டா," என்றாள், போர்வையை இழுத்துவிட்டபடி. "ஒடம்பு முடியாதவனுக்குத்தான் நல்ல சாப்பாடு மொதல்ல போவணும். அது தெரியாம நான் கெடுக்கப் பாத்தேன். தெரிஞ்ச நீங்க இத்தன நாளு வாயப் பொத்திக்கிட்டு, இன்னொருத்தனையும் சேத்துக் கெடுக்கப் பாத்தீங்க."