இங்கிலீஷில் ஒரு சேதி

ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரஹமத்துல்லா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் துவா ஓதுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் இல்லை, இங்கிலீஷ். ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு நாற்பத்தைந்து வயதில் இது தேவையா? தேவைதான். பக்கத்தில் காலாட்டிக்கொண்டிருந்த ஆறு வயது மகள் ஹலீமாவுக்குப் புரியாத பாஷையில் அவர் ஒரு சேதியைச் சொல்லியாக வேண்டும்.

மனைவி ஜமீலா சேலம் ஆஸ்பத்திரியில் இறந்து நாற்பது நாளாகிறது. அடக்கமும் அங்கேயே, அவள் பிறந்த ஊரில். பிள்ளையிடம், "அம்மாவுக்கு ஒடம்பு நல்லாயிட்டிருக்குது கண்ணு" என்று சொன்ன வாய்க்கு அதை மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தப் பள்ளி ஹாஸ்டலில் சேர்ந்து நாலு பிள்ளைகளோடு பழகட்டும், பிறகு சொல்லலாம் என்று நாளைத் தள்ளினார். பாவம், வேறென்ன செய்வார்!

சேலத்துப் பிளாட்பாரத்தில் வாங்கிய இங்கிலீஷ் மரபுத்தொடர் புத்தகத்தில் இறந்துபோவதற்கு 'கிக் த பக்கெட்' என்று போட்டிருந்தது. நல்லவேளை, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடாசலத்திடம் கேட்டார்.

"ஐயோ, அது கேலியாச் சொல்றதுங்க பாய். நம்ம ஊட்டு ஆளுங்களுக்குச் சொல்லக் கூடாதுங்க. 'பாஸ்டு அவே'ன்னு சொல்லுங்க, மரியாதையா இருக்கும்."

பத்து நாளாகப் பருப்புப் பொட்டலம் மடிக்கும்போதெல்லாம் அதையே சொல்லிப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டுமென்று மற்ற பக்கங்களையும் நெட்டுருப் போட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர், பெயர், வயது கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வேர் இஸ் ஹெர் மதர்?"

ஜமீலாவைப் பற்றி அந்த வார்த்தையை எந்தப் பாஷையிலும் தான் இதுவரை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படித்ததெல்லாம் முட்டிமோதி, "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன், சிஸ்டர்" என்று வந்து விழுந்தது.

எப்போதாவது அபூர்வமாக என்று அதற்கு அர்த்தம். சிஸ்டர் முகம் சுளித்துத் தமிழுக்கு மாறினார். "அம்மா எப்பவாவதுதான் வீட்டுக்கு வருவாங்களா?"

"இல்லீங்க சிஸ்டர்." ஹலீமா முந்திக்கொண்டாள். "சேலத்துல ஆஸ்பத்திரியில இருக்காங்க. இப்ப நொம்ப நல்லாயிட்டாங்களாம். அத்தா சொன்னாங்க."

சிஸ்டர் முகம் தெளிந்தது. அட்மிஷன் பாரத்தில் எழுதி நீட்டினார். "அப்ப சரி. அம்மா கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க, சேத்துக்கலாம்."

ரஹமத்துல்லா கை நீட்டுமுன் ஹலீமா பாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவர் தடுமாறி வெளியே வந்தபோது ஹலீமா கேட்டைத் தாண்டியிருந்தாள். பாரம் கசங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி, சேலம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கண்டக்டரைக் கையால் மறித்துக் கத்தினாள்:

"அத்தா, வெரசா வாங்க! அம்மாகிட்டப் போலாம்!"