முறைப்பாட்டைப் பின்தொடர்ந்த தண்ணீர்

மீராமுகைதீன் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டைத் தண்ணீர் வாசித்துவிட்டு, அதில் எழுதியிருந்த விலாசத்துக்கே குடிபெயர்ந்து போனது. இது நடந்தது போன வருசம், நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது கிழமை, கல்முனைக்குத் தெற்கே கடலைப் பார்த்துக் கிடக்கிற ஒரு ஒழுங்கையில். ஒழுங்கைக்குக் கீழே பைப் எங்கோ வெடித்திருந்தது. களிமண் ஊராக இருந்தால் சேறாகியிருக்கும், நாலு பேர் வழுக்கி விழுந்திருப்பார்கள், விசயம் அத்தோடு முடிந்திருக்கும். இந்தக் கரை முழுக்க மணல். தண்ணீர் மேலே வழியாமல் அடியால் போய், மீராமுகைதீன் வீட்டு முன்மூலை அத்திவாரத்தின் கீழிருந்த மணலைப் பிடி பிடியாக அள்ளிக்கொண்டு போனது. ஒரு கிழமையில் அந்த மூலை அந்தரத்தில் நின்றது. அதன் கீழே ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. வீடோ இப்போது அவருடையது அல்ல, மகள் அம்ஹாவுக்கு எழுதிக் கொடுத்த வீடு. நிக்காஹ்வுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை பஹ்மியின் ஆட்கள் நல்ல மனிசர்கள். வந்து தேத்தண்ணி குடித்து, மூலையைக் குனிந்து பார்த்து, வீடு நேராக நிற்கும்வரை அழைப்பு அட்டை அடிக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர்க் கந்தோரில் முறைப்பாடு எழுதுகிறவர் காரைதீவுக் கனகரெத்தினம். பிழை விடாத எழுத்து. அவர் விலாசம் கேட்டார். விலாசம் கேட்டால் அந்த ஊர் ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒரு கணம் முழிப்பார்கள். பிறப்பது உம்மா வீட்டில். அது சகோதரிக்குப் போய்விடும். கலியாணம் முடித்தால் பெண்சாதி வீடு; அது மகளுக்குப் போய்விடும். கடைசியில் பின்வளவில் ஓர் அறை. மீராமுகைதீன் முழிக்காமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது எடுத்தது. உம்மா வீட்டு விலாசம்தான் அதில் இருந்தது. கனகரெத்தினம் அதைப் பார்த்து ஒரு புள்ளி குறையாமல் எழுதினார்.

அடுத்த நாள் காலையில் ஒழுங்கை காய்ந்து கிடந்தது. இரண்டு தெரு தள்ளி, மீராமுகைதீனின் தங்கை ஜெனூபாவின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் கொப்பளித்தது. ஆட்கள் வந்து கழுத்தளவு தோண்டினார்கள். அந்த வளவுக்குள் பைப்பே வரவில்லை. அப்படியே எழுதிவைத்து, மூடிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பொறுமையாக இருந்த தண்ணீர், குளோரின் மணத்தோடு திரும்பவும் எழும்பியது. ஜெனூபா நனைந்த சீலையோடு கூடப்பிறந்த காக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏன் காக்கா, உங்கட வீட்டு லீக்க எனக்கு எழுதிக் குடுத்த? உம்மா தந்த வீடு எனக்குக் காணாதெண்டா இதையும் தந்தீங்க?”

“நான் பைப்பத்தான் எழுதின, புள்ள. தண்ணிக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமெண்டு எனக்கென்ன தெரியும்?”

ஜெனூபா அன்றைக்கே கந்தோருக்குப் போய்க் காக்காவின் வாசலை எழுதிக் கொடுத்தாள். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் தண்ணீர் வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் இன்னொரு முழம் மணல் போனது.

கதை ஊருக்குள் பரவியது. அது தண்ணீர் வெட்டுக் காலம். மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் பைப்பில் வரும். ஆகவே ஊரவர்கள் தங்கள் தங்கள் வளவில் கசிவு என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒன்பது நாளில் பதினாலு முறைப்பாடு. தண்ணீர் ஒன்றையும் தட்டவில்லை. சலூன்காரரின் பின்வளவுக்குப் போனது, பாய் கழுவ ஒரு வீட்டுக்குப் போனது, காய்ந்த தென்னைக்குப் போனது. ஒருவர் தூரத்துச் சாகாமத்தில் கருகிக்கொண்டிருந்த மாமாவின் வயலை எழுதிவிட்டார். தண்ணீர் இரண்டரை நாள் ஊரில் இல்லை. திரும்பி வரும்போது அதில் நெற்பதரும் இரண்டு பனையான் மீன்குஞ்சும் இருந்தன. ஒரு முறைப்பாட்டுக்கும் மற்றதுக்கும் இடையில் சும்மா கிடைக்கிற நேரத்தில் அது மீராமுகைதீனின் மூலைக்குத்தான் வரும். வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வருகிற மாதிரி. மீராமுகைதீனால் இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கம்பியொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றி மணலைக் குத்திப் பார்த்தார். இரண்டு உழவு மெசின் பெட்டி நிறைய மணல் கொண்டுவந்து பறித்தார். தண்ணீர் அதையும் கொண்டுபோனது. நிக்காஹ்வுக்கு நாலு நாள்தான் மிச்சம் இருந்தது.

முறைப்பாட்டை ரத்துச் செய்ய முடியாது, இடத்தை மட்டும் திருத்தலாம் என்றார் கனகரெத்தினம். மீராமுகைதீன் கடலை எழுதச் சொன்னார். கடல் அந்தக் கந்தோரின் பிரிவுக்குள் இல்லையென்று முறைப்பாடு திரும்பி வந்தது. இறந்தவர்களை அடக்கிய மையவாடியின் மதிலை எழுத அவருக்கே மனம் வரவில்லை.

“அப்ப நான் நிக்கிற இடமெண்டு எழுதுங்க தம்பி.”

கனகரெத்தினம் பேனையைக் கீழே வைத்தார். “காக்கா, நீங்க ஒரு இடத்தில நிக்கிற ஆளில்லையே.”

“அதுதான் நல்லம். ஒருத்தர்ட அத்திவாரமும் போகாது.”

கந்தோர்ப் படி இறங்கும்போதே அவருடைய இடது செருப்பு நனைந்திருந்தது. வீட்டு மூலை அன்று பின்னேரமே காய்ந்தது. கல்லும் சீமெந்தும் போட்டு இறுக்கினார்கள். பஹ்மியின் பெரியவாப்பா வந்து காலால் உதைத்துப் பார்த்து, அட்டை அடிக்கச் சொன்னார். மீராமுகைதீன் மட்டும் உள்ளே வரவில்லை. ஒரு யாசீன் ஓதி முடிக்கிற நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்றால் அவருடைய காலடி மணல் இறங்கத் தொடங்கும். நடந்துகொண்டே இருந்தார். சோற்றையும் நடந்துகொண்டே தின்றார். படுக்கை, கரையில் ஏற்றிவைத்த பழைய தோணியொன்றில். பெண்சாதி நஸீறா முதல் நாள் அழுதா, இரண்டாம் நாள் சோற்றுப் பார்சலோடு வெளிக்கிட்டா. ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, “முப்பது வருசமா மனிசன் எங்க போறாரெண்டு தெரியாமக் கிடந்தன்கா, இப்ப ரோட்டில ஈரத்தப் பாத்தாக் காணும்” என்றா.

நிக்காஹ் வெள்ளிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு. மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க வாப்பாதான் வேண்டும். வாப்பாவோ வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே பதிவாளர் புத்தகத்தோடு ஒழுங்கைக்கு வந்தார், ஒரு கதிரை போட்டார்கள், பஹ்மியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டுக்குள் ஏறுமுன் பெண்ணின் தம்பி செம்பில் தண்ணீர் எடுத்துக் கால் கழுவிவிட வேண்டும், அது அங்கத்தைய வழக்கம். அம்ஹாவுக்குத் தம்பி கிடையாது; ஜெனூபாவின் மகன் செம்போடு வாசலில் நின்றான். மீராமுகைதீன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதை மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லி முடியும்போது தண்ணீர் அவருடைய காலடியிலிருந்து சுத்தமாக ஓடிவந்து, பஹ்மியின் இரண்டு காலையும் கணுக்கால்வரை கழுவிவிட்டிருந்தது. பெரியவர்கள் பார்த்தார்கள், போதும் என்றார்கள், செம்பைத் திருப்பி உள்ளே அனுப்பினார்கள். மாப்பிள்ளை ஈரக்காலோடு வீட்டுக்குள் ஏறினார். மீராமுகைதீன் கடற்கரைப் பக்கமாக நடந்தார்.