அண்ணியின் தூக்கமும் ஆட்டோபிளேயும்

அண்ணி மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். காலை ஒன்பதரைக்குப் படுத்தால் மாலை நாலு மணிவரை தூங்கியாக வேண்டும். அவர் அறைக்கும் என் கணினிக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். வீட்டுக் கூடத்திலேயே கடை வைத்து, பழைய படங்களைத் திருத்தி அச்சிட்டுக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர் தரும் பென் டிரைவைச் செருகினால் போதும், அதிலுள்ள பாட்டு தானாக அலறும். ஒலியைக் குறைத்து வைத்தாலும் நிலைக்காது. அண்ணன் மாலையில் உடற்பயிற்சி சி.டி. போடும்போது முழுதாக ஏற்றிவிடுவார்.

“தம்பி, நேத்து ஊசியைக் கையில வச்சுக்கிட்டே கண்ணு சொக்கிடுச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு தட்டி எழுப்பினா,” என்றார் அண்ணி. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செருகியதைத் தானாக ஓட்டும் ‘ஆட்டோபிளே’ அமைப்பை உடனே கணினியில் திறந்து, உச்சியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த பொத்தானை அணைத்தேன். மறுநாள் அண்ணி நன்றாகத் தூங்கி வேலைக்குப் போனார்.

அன்று மாலை கூடத்துக்கு வந்தால், அண்ணன் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கணினித் திரைமுன் நிற்கிறார்.

“என்னண்ணே, காக்கா விரட்டுறீங்களா?”

“சி.டி. போட்டு இருபது நிமிஷமாச்சுடா. எப்பவும் ‘கையை நீட்டுங்க’ன்னுதான் ஆரம்பிப்பான். இன்னைக்கு வாயே திறக்கல.”

மவுஸ் என்றாலே அண்ணனுக்கு ஆகாது. போட்டால் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

“முதுகு கழண்டுடும்போல இருக்கு. எல்லாத்தையும் பழையபடி மாத்திடு!”

பழையபடி மாற்றினால் அண்ணியின் தூக்கம் போச்சு. மீண்டும் அமைப்பைத் திறந்து, இந்த முறை பொறுமையாகக் கீழே வரை படித்தேன். அப்போதுதான் அதன் அழகு புரிந்தது. எதைச் செருகினாலும், வந்திருப்பது என்ன வகை என்று கணினி முதலில் பார்க்கிறது. பிறகு அந்த வகைக்கு நாம் எழுதி வைத்திருக்கும் கட்டளையைத் தேடுகிறது. நான் வாசலில் ஆள் பார்த்துக் கதவு திறப்பதற்குப் பதில் கதவுக்கே பூட்டுப் போட்டிருந்தேன். மேல் பொத்தானை மறுபடி இயக்கி, வகைக்கொரு கட்டளை கொடுத்தேன். பென் டிரைவ் என்றால் எதுவும் செய்யாதே. கேமரா கார்டு என்றால் படங்களைக் காட்டு. சி.டி. என்றால் ஓட்டு.

“கையை நீட்டுங்க!” என்றது ஸ்பீக்கர்.

“மறுபடியுமா?” என்று முனகியபடியே அண்ணன் நீட்டினார்.

மறுநாள் காலை பத்தரைக்கு மளிகைக் கடைக்காரர் பென் டிரைவோடு வந்தார். செருகிய பிறகுதான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். ஒலித் திருகு முழுதாக ஏறியிருந்தது, அண்ணன் வேலை. பலகைத் தடுப்பையே பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை.

“என்ன தம்பி, உள்ள ஏதும் இல்லையா?” என்றார் அவர்.

“எல்லாம் இருக்கு. நாம கூப்பிட்டாதான் வரும்,” என்று கிசுகிசுத்தேன்.

நாலேகாலுக்கு அண்ணி கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்தார். கன்னத்தில் தலையணைக் கோடு.

“ஏன் தம்பி, இன்னைக்குக் கடைக்கு லீவா?”

“ஏழு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க அண்ணி.”