துரை நல்லாத்தான் இருக்கான்

என் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே, ஓடும் எஞ்சின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பட்டறையில் இதற்காக அவருக்குப் பெரிய பேர். பேர் வந்தால் போதுமே, மனுஷனுக்குத் தலைகால் புரியாது. என் இருமல் முதல் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் வரை காதாலேயே தீர்ப்புச் சொல்வார்.

துரை எங்கள் வீட்டுக் கடுவன் பூனை. எல்லாரையும் வேலை வாங்குவதால் அந்தப் பேர். என் வீட்டுக்காரருக்கு அது உயிர், ஆனால் சோறு வைப்பதும் சுத்தம் செய்வதும் மகள்தான். அதனால் அவள் கண்ணில்தான் முதலில் பட்டது.

"அப்பா, துரை சரியில்லப்பா. ஒண்ணுக்குப் போற மண் தட்டுல போய்ப் போய் உக்காருது, ஒண்ணும் வரல. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. காது ரெண்டும் பக்கவாட்டுல சாஞ்சு கிடக்கு. கண்ணைச் சுருக்கிட்டு, முதுகைக் கூனிட்டு இருக்கு. டாக்டர்கிட்டப் போலாம்பா."

அவர் குனிந்து துரையின் விலாவில் காதை வைத்தார். குர்ர்ரென்று சத்தம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கேளு, ஒரு பிசிறு இல்ல! வலி இருந்தா இப்படிக் குர்குர்னு சொக்கிக் கிடக்குமா? துரை நல்லாத்தான் இருக்கான். நீ போய்ப் படி."

"பூனைக்கு டாக்டர் நீங்களா?" என்று கேட்டேன்.

"உன்னைவிட எனக்குத் தெரியும்" என்றார். அவரோடு மல்லுக்கட்டினால் வாய் வலிப்பதுதான் மிச்சம்.

அந்த வாரக் கடைசி முழுக்கத் துரையை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தார். அது விடாமல் குர்குரென்றது. இவர் அதற்குத் தாளம் வேறு போட்டார். வயிற்றில் கை பட்டதும் ஒருமுறை அது விறைத்தது, வால் நுனி துடித்தது. "கூச்சத்தைப் பாரு துரைக்கு!" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை அது வாந்தி எடுத்துச் சரிந்த பிறகுதான் ஓடினோம்.

கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டதுமே உதட்டைப் பிதுக்கினார். "மூத்திரக் குழாய் அடைச்சிருக்கு. பை கல்லு மாதிரி இருக்கு. விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. அடைச்ச அன்னைக்கே வந்திருந்தா குழாய் விட்டுக் காப்பாத்தியிருக்கலாம். இனிமே வதைதான். ஊசி போட்டு நிம்மதியாப் போக விட்டுடலாம்."

"ஆனா டாக்டர், இப்பக்கூடக் கேளுங்க, சந்தோஷமா..."

"சந்தோஷம்னு நினைச்சீங்களா? வலி தாங்கலேன்னாலும் பூனை இப்படித்தான் சத்தம் போடும். தன்னைத்தானே தேத்திக்கும்."

என் வீட்டுக்காரர் கை துரையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

"அப்போ இத்தனை நாளும் அது அழுதிருக்கு. நீங்க தாளம் போட்டிருக்கீங்க" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிக்கொண்டேன்.

ஊசி ஏறும்போதும் துரை குர்குரென்றது. "நிறுத்துடா... போதும்டா கண்ணா" என்று அவர் அதன் காதருகே கெஞ்சினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. நின்றது தெரியாமல் அவர் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

மகள் துரையைத் துண்டில் சுற்றி எடுத்தாள்.

"குடும்மா, நான் தூக்கிட்டு வரேன்" என்று அவர் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.