நாயகி விழுந்த தடம்

பிப்ரவரி 17, செவ்வாய். கோவில்பட்டி, மாலை தட்டச்சு வகுப்பு.

1

நேற்று இந்தக் கதைக்கு முதல் வரி எழுதினேன்: ‘அன்று மாலை விளாத்திகுளம் பக்கம் சூறைக்காற்று அடித்தது.’ தவறு. ஓர் இலைகூட அசையவில்லை. காற்றின் மேல் பழி போட்டால் அது வந்து மறுக்காது என்று நினைத்தேன். திருத்திக்கொள்கிறேன்.

2

புதிய தொடக்கம். ஜெயப்பிரியாவுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரில் மூன்று நாள் வேலை கிடைத்தது. தேறினால் சென்னையில் நிரந்தரம். அறிவும் அழகும் நிறைந்த அவள்…

(ஜெயப்பிரியா நான்தான். என் பெயர் அஞ்சலின். அழகை அடித்துவிடுங்கள். அறிவைப் பற்றி அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.)

வேலைக்குப் பெயர் கண்டினியூட்டி. பாதியில் நின்ற காட்சியை இன்னொரு நாள் தொடரும்போது வளையல், பூ, வியர்வை எல்லாம் முன்பு இருந்ததுபோலவே இருக்கிறதா என்று பார்ப்பது. பல் தேய்த்த நேரத்தைக்கூட டைரியில் எழுதுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

3

திங்கட்கிழமை காட்சி: மாமியார் தள்ளிவிட, நாயகி மிளகாய்ப் பழம் காயும் களத்தில் குப்புற விழுகிறாள். அவள் எழுந்திருப்பது புதன்கிழமை; நடுவில் செவ்வாய் படப்பிடிப்பு இல்லை. (இரண்டு நாள் மிளகாயில் கிடந்தால் கண் எரியாதா என்று கேட்டேன். “சீரியல்ல எரியாது” என்றார் இணை இயக்குநர் பெனிட்டோ அண்ணன்.)

படப்பிடிப்பு வண்டிகள் போய்விட்டன. நான் களத்தோரம் பஸ்ஸுக்கு நின்றேன். களத்துக்குச் சொந்தக்காரர் சுப்புத்தாய் அக்கா பழம் தள்ளிக் குவிக்கும் பலகையோடு வந்தார்.

“ஏட்டி, சும்மாதான நிக்க? அந்தப் பக்கம் தள்ளு. பனி விழுந்தா பழம் வெளுத்துப் போவும்.”

பையைக் கீழே வைத்தேன். பழத்தைக் குவித்துத் தார்ப்பாய் மூடினோம். எங்கள் வீட்டுக் களத்தில் பத்து வயதிலிருந்து செய்வது. கை தானாகப் போனது.

“எந்தச் சிறுக்கி இதுல உருண்டா? காம்பு பூரா ஒடிஞ்சு கெடக்கு” என்றார் அக்கா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பஸ்ஸில் நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்து, சிவப்பு மை, இரண்டு அடிக்கோடு: ‘நாயகி விழுந்த தடம். யாரும் தொடக்கூடாது. அக்காவிடம் சொல்லிவிடவும்.’

(திரும்பப் பரப்பிவிடலாமே, எந்தப் பழம் எங்கே கிடந்தது என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்பீர்கள். எங்கள் இயக்குநர் பார்ப்பார்.)

4

பெனிட்டோ அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“ஏட்டி, நீ வாயத் தொறக்காத. அந்த அம்மா கலைச்சிட்டாவன்னு சொல்லிருவோம்.”

“நானும் சேந்துதான அண்ணே தள்ளுனேன்?”

“பாதிதான தள்ளுன? மீதிய மட்டும் சொல்லு. வேலை வேணுமா, வேண்டாமா?”

வேண்டும். ரொம்ப வேண்டும்.

முடிவு அ: பழி அக்கா மேல். எல்லோர் முன்னாலும் இயக்குநர் அவரைத் திட்டுகிறார். நான் சென்னைக்குப் போகிறேன். இதை எழுதிப் பார்த்தேன். திட்டு தொடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பி

(முடிக்க முடியவில்லை.)

முடிவு ஆ: நான் உண்மையைச் சொல்ல, இயக்குநர் மனம் நெகிழ்ந்து… (அவர் நெகிழ்ந்து நான் பார்த்ததில்லை. அடிக்கிறேன்.)

அவர் என்னை வைத்துக்கொள்வாரா, அனுப்பிவிடுவாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நாளை, புதன்: காலை ஐந்தே முக்கால் பஸ். பெனிட்டோ அண்ணன் வருவதற்கு முன்னால் களத்துக்குப் போய், இயக்குநர் வந்து இறங்கியதும் ‘நான்தான் கலைச்சேன் சார்’ என்று சொல்ல வேண்டும்.